பாடத்தில் சேராத பேச்சு

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட டிவியில் மேம் ஹெர்மினியா போட்டுக் காட்டாத படம் கிடையாது. சட்டம் எப்படி உருவாகிறது, செனட்டர் என்ன வேலை செய்கிறார், நீதிபதி எதற்குக் கறுப்பு அங்கி போடுகிறார் என்று மணிலாவில் எடுத்த படங்களையெல்லாம் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வருவார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். பிறகு ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிப்போவார்கள். நான் பள்ளி வாசலில் வாழைப்பழத்தைச் சர்க்கரையில் பொரித்துக் குச்சியில் குத்தி விற்கிறவள், ஊருக்கே மனாங், அதாவது அக்கா. ஜன்னல் வழியே அந்தப் படமெல்லாம் எனக்கும் தெரியும். பளிங்குத் தரையும் கோட்டுப் போட்ட ஆட்களுமாக இருக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு அரசாங்கம் என்றால் ஊர்த்தலைவர் கேப்டன் உல்டாரிகோவும் அவருடைய பழைய மோட்டார் சைக்கிளும்தான். அந்தக் கோட்டு ஆட்களைப் பார்த்து அவர்கள் தூங்கியதில் என்ன தப்பு?

ஒரு நாள் மேம் என் கடைக்கு வந்து நின்றபடியே பழத்தைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"நம்ம ஊரையே படம் எடுத்தா என்ன, மனாங் பெலென்? இங்கதான் கேப்டன் இருக்காரு, மண்டபம் இருக்கு, சமரசக் குழு இருக்கு. நீங்ககூட அதுல இருக்கீங்க."

நான் இருப்பது உண்மைதான். ஊருக்குள் சண்டை என்றால் கோர்ட்டுக்குப் போகும் முன்னால் கேப்டன் முன்னிலையில் பரங்காய் என்கிற ஊர் மன்றத்து மண்டபத்தில் வந்து உட்கார்ந்தாக வேண்டும். அதற்கென்று ஒரு குழு. வாய் பெரிசு என்பதால் கேப்டன் என்னையும் அதில் சேர்த்துவிட்டார்.

"எடுங்க. யாரு நடிக்கிறது?"

"நடிக்கிறவங்க வேண்டாம். டிவி நாடகம் மாதிரி மூக்கைச் சிந்துவாங்க. நெசமாவே பேச்சுவார்த்தை இல்லாதவங்க வேணும். சொத்தெரோவையும் நாத்தோயையும் உக்கார வைக்கலாம்னு இருக்கேன்."

"மேம், அது வேண்டாம். ஆறின புண்ணைக் கீறுற வேலை."

"ஆறலையே, மனாங். அதான் சொல்றேன். வழித் தகராறு பாடப் புத்தகத்துலயே இருக்கு. அதுக்கு இவங்களை விட்டா வேற யாரு?"

சொத்தெரோவும் நாத்தோயும் கூடப் பிறந்தவர்கள். மூத்தவர் சொத்தெரோ தென்னை ஏறிக் கள் இறக்குகிறவர், கல்யாணம் ஆகாதவர், திருவிழாவில் நன்றாகப் பாடுவார், ஊரில் பலரும் மனோய், அண்ணன் என்று கூப்பிடுவார்கள். இளையவன் நாத்தோய் கடலுக்குப் போகிறவன். அவன் பெண்டாட்டி கிரெசிங் மீன் காய வைத்து விற்பாள். மகள் ஜோவெலின் ஆறாம் வகுப்பு. சில வருஷங்களுக்கு முன்னால் இவர்களுடைய தாய் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது நாத்தோய் தெற்கே பெரிய மீன்பிடிக் கப்பலில் வேலைக்குப் போயிருந்தான். கிழவி கடைசி மூச்சு வரைக்கும் இளையவனைத்தான் கேட்டாள். கழுவித் துடைத்து, கஞ்சி ஊட்டி, மடியில் தலை வைத்துப் பார்த்துக்கொண்டவர் சொத்தெரோ. நாத்தோய் வந்து சேர்ந்தபோது கல்லறையில் சிமெண்ட் காய்ந்திருந்தது. அடுத்த வாரமே மூத்தவர் தன் பங்குக்கு மூங்கில் வேலி போட்டுவிட்டார். நாத்தோய் வீட்டிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் பாதை வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அதிலிருந்து அவன் துடுப்பையும் வலையையும் படகு மோட்டாரையும் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைச் சுற்றிப் போய், படகை ஆற்று முகத்துவாரத்தில் கட்ட வேண்டியதாயிற்று.

மேம் கேட்டால் எங்கள் ஊரில் யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. பாதி ஊருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் அவர். தேர்தல் நாளில் அதே வகுப்பறையில் உட்கார்ந்து எங்கள் விரலில் மை வைப்பவரும் அவர்தான். சொத்தெரோவிடம், நீங்கள்தான் தெளிவாகப் பேசுவீர்கள் என்றார். நாத்தோயிடம், உன் மகள் பாடத்துக்குத்தானே என்றார். எதிரில் யார் உட்காரப் போகிறார்கள் என்பதை மட்டும் இருவரிடமும் சொல்லவில்லை.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் மேம் தன் போனில் படம் எடுத்தார். மண்டபத்து மேஜையில் பிளாஸ்டிக் பூ, பின்னால் கொடி, நடுவில் சலவைச் சட்டையோடு கேப்டன். ஓரத்தில் நானும் குழுவைச் சேர்ந்த இன்னும் இரண்டு பேரும். அண்ணனும் தம்பியும் உள்ளே வந்து ஒருவரை ஒருவர் பார்த்தபோது இரண்டு பேருமே திரும்பிப் போயிருப்பார்கள். மேம் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

வசனம் மேம் எழுதியதுதான். நாத்தோய், "என் வழியை அடைச்சுட்டாரு" என்று சொல்ல வேண்டும். கேப்டன் இரு தரப்பையும் கேட்க வேண்டும். சொத்தெரோ, "தம்பி, நான் வேலியைத் திறந்து வழி விடுறேன்" என்று சொல்லிக் கை கொடுக்க வேண்டும். அதன் பிறகு கேப்டன் பிள்ளைகளைப் பார்த்து, இந்த ஒப்பந்தம் வேண்டாம் என்று பத்து நாளைக்குள் யாரும் வந்து சொல்லாவிட்டால் அது கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம் என்று விளக்க வேண்டும்.

முதல் தடவை கை கொடுக்கும் நேரம் பார்த்துச் சேவல் கூவியது. இரண்டாம் தடவை எல்லாம் சரியாக வந்தது. எதற்கும் இன்னொரு தடவை எடுத்துக்கொள்வோம் என்று மேம் சொன்னார். மூன்றாம் தடவை சொத்தெரோ கையை நீட்டினார். நாத்தோய் அதைப் பிடித்துக்கொண்டான், விடவில்லை.

"மனோய், அம்மாவுக்கு என்னால வர முடியலை. கப்பல் நடுக்கடல்ல நின்னுச்சு. கரைக்கு இறக்கிவிடுங்கன்னு கால்ல விழுந்தேன், மனோய்."

வசனத்தில் அது இல்லை. சொத்தெரோ மேமைப் பார்த்தார், அப்புறம் கேப்டனைப் பார்த்தார். அவருடைய தாடை அசைந்தது, பேச்சு வரவில்லை. நாத்தோய் கையை விட்டுவிட்டு வெட்கத்தோடு சிரித்தான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பாடத்துல சேராது. ரெண்டாவது எடுத்ததையே வச்சுக்கிறேன்," என்றார் மேம். அவர் கெட்ட மனசுக்காரி இல்லை. அவர் கண்ணுக்கு அன்றைக்குப் பாடம் ஒன்றுதான் தெரிந்தது.

எல்லோரும் நூடுல்ஸ் சாப்பிட்டோம். அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள். சொத்தெரோ தட்டைக் கழுவி வைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் போனார்.

அன்று சாயங்காலமே நாத்தோய் தன் பக்கத்துப் பாதையில் மண்டிக் கிடந்த புல்லை வெட்டினான். படகை இழுத்து ஏற்றுவதற்கு வாட்டமாகத் தென்னை மட்டைகளை வரிசையாகப் போட்டு வைத்தான். பச்சைப் பயறு கடன் கேட்டு வந்தபோது கிரெசிங் என்னிடம் சொன்னாள்.

"வீட்டுக்கு வந்ததுல இருந்து பாட்டுதான், மனாங். மனோய்கிட்ட சொல்லிட்டேன், சொல்லிட்டேன்னு சுத்திச் சுத்தி வர்றாரு. மனோய் என்ன சொன்னாருன்னு கேட்டேன். சிரிக்கிறாரு."

"வேலியைத் திறக்கிறதாச் சொன்னாருதானே?"

"அது படத்துல. வெளியில எப்போ?"

வேலி திறக்கவில்லை. வெட்டிய புல் மறுபடி முளைத்தது. நாத்தோய் பழையபடி மோட்டாரைத் தோளில் வைத்துக்கொண்டு ரோட்டைச் சுற்றி நடந்தான். நான் ஒரு தடவை கேட்டே விட்டேன்.

"ஏண்டா தம்பி, போய்க் கேக்க வேண்டியதுதானே? வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

"நான் கேட்டுட்டேன், மனாங். ரெண்டு தடவை கேட்டா நச்சரிக்கிற மாதிரி ஆயிடும். அவரு கூச்சப்படுறாரு. ஒரு நாள் விடியும்போது பாருங்க, தானா திறந்து கெடக்கும்."

ஜூலையில் மேம் அந்தப் படத்தை வகுப்பில் போட்டார். ஒரு பிள்ளைகூடத் தூங்கவில்லை. கேப்டன் வந்ததும் சிரிப்பு, நான் வந்ததும் கூச்சல். மறுபடி போடு, மறுபடி போடு என்று கேட்டுக் கேட்டு மொத்தமும் மனப்பாடம் ஆகிவிட்டது அவர்களுக்கு. பாடம் முடிந்ததும் ஜோவெலின் எழுந்து நின்றாள். நான் சர்க்கரையைக் கிளறியபடி ஜன்னலில் காதை வைத்திருந்தேன்.

"மேம், பத்து நாளைக்குள்ள யாரும் வந்து வேண்டாம்னு சொல்லலைன்னா தீர்ப்பு மாதிரின்னு கேப்டன் சொல்றாருல்ல? பெரியப்பா வந்து வேண்டாம்னு சொல்லவே இல்லையே."

"அது பாடத்துக்காக எடுத்தது, இந்தாய்," என்று மகளைக் கூப்பிடுகிற மாதிரி சொன்னார் மேம்.

"அப்போ அவங்க பேசினது பொய்யா, மேம்?"

மேம் டிவியை அணைத்தார். பிள்ளை அதோடு விடவில்லை. மத்தியானம் என் கடை முன்னால் கேப்டனின் மோட்டார் சைக்கிளை மறித்து அதையே கேட்டாள். கேப்டன் வயிறு குலுங்கச் சிரித்து, அவளுக்கு ஒரு பழம் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அவள் அதைத் தின்னாமல் கையில் பிடித்துக்கொண்டே போனாள்.

ஆகஸ்டில் தென்மேற்குக் காற்று பிடித்தது. மூன்று நாள் யாரும் கடலுக்குப் போகவில்லை. நான்காம் நாள் காலையில் ஆற்றில் மலைத் தண்ணீர் பெருகி வருவதாகச் சொன்னார்கள். எல்லோரும் படகைத் தங்கள் வீட்டுக்குப் பின்னால் மேட்டில் இழுத்துப் போட்டிருந்தார்கள். நாத்தோய் படகு மட்டும் முகத்துவாரத்தில் கிடந்தது. அவன் கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடினான். கிரெசிங் கத்திக் கத்திப் பின்னால் ஓடினாள். இடுப்பளவு தண்ணீரில் அவன் படகைப் பிடித்ததை அவள் பார்த்திருக்கிறாள். அப்புறம் ஆறு வந்தது. பக்கவாட்டில் கட்டியிருந்த மூங்கில் மிதவை ஒன்று முறிந்த படகு இரண்டு ஊர் தள்ளிக் கரை ஒதுங்கியது. ஆள் கிடைக்கவில்லை.

எங்கள் ஊரில் பகையாளியானாலும் சாவு வீட்டுக்கு வரலாம். சவப்பெட்டியின் முன்னால் நின்று மனசுக்குள் மன்னிப்புக் கேட்கலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். நாத்தோய்க்குப் பெட்டியே இல்லை. வாக்காளர் அட்டையில் இருந்த படத்தைப் பெரிசாக்கி, மெழுகுவர்த்தி ஏற்றி, ஒன்பது நாள் ஜெபம் சொன்னோம். தினமும் சாயங்காலம் நாங்கள் ஜெபத்தைத் தொடங்கினால் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் எங்களோடு சேர்ந்து மறுமொழி சொல்லும். திருவிழாவில் பாடுகிற அதே குரல்தான். கிரெசிங் என் முழங்கையைத் தொட்டு, "சத்தமாப் படிங்க, மனாங்," என்பாள். நாங்கள் சத்தமாகப் படித்தோம். இதில் சாமிக்கு யார் குரல்தான் கேட்டிருக்கும்?

படம் அதற்குள் எங்கள் ஊரை விட்டுப் போயிருந்தது. மேம் எடுத்தது நன்றாக இருக்கிறது என்று சுற்று வட்டாரப் பள்ளிகள் எல்லாம் பிரதி எடுத்துக்கொண்டு போய்விட்டன. செப்டம்பரில் சொத்தெரோ கள் குடத்தோடு டவுன் சந்தைக்குப் போனார். அங்கே முன்பின் தெரியாத ஒரு பையன் அவரைக் காட்டித் தன் தாயிடம், "தம்பிக்கு வேலி திறந்துவிட்டாரே, அவருதாம்மா," என்றானாம். அவள் மரியாதையாகச் சிரித்து, ஒரு போத்தல் அதிகமாகவே வாங்கிக்கொண்டாளாம். இதை அவரே மேமிடம் சொன்னார். சந்தையிலிருந்து நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார். கால்களில் சேறு அப்படியே இருந்தது.

"மேம், மூணு தடவை எடுத்தீங்கல்ல? அந்த மூணாவது வேணும்."

"எதுக்கு, மனோய்?"

"அதுல அவன் பேசுனான். நான் கேக்கணும். அப்போ என் மொகம் எப்படி இருந்துச்சுன்னும் பாக்கணும்."

மேம் கையிலிருந்த போனைப் பார்த்தபடி சொன்னார்.

"போன்ல இடம் இல்லாமப் போச்சு, மனோய். நல்லா வந்ததை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை அன்னைக்கே அழிச்சிட்டேன்."

"சரிங்க, மேம்," என்றார். குடத்தை எடுத்துக்கொண்டு போனார். மேம் என் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அழுதார். நான் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. எனக்கு அவர் மேல் கோபம்தான் இருந்தது. நான் அந்தப் படத்தில் இருந்ததால் என் மேலும் இருந்தது.

மறுநாள் காலையில் வேலி இல்லை. ஒற்றை ஆளாகப் பிரித்து, முளைகளைப் பிடுங்கி, மூங்கிலையெல்லாம் தென்னைக்கு அடியில் அடுக்கி வைத்திருந்தார் சொத்தெரோ. பாதை கடல் வரைக்கும் திறந்து கிடந்தது. கிரெசிங் அதைப் பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டு நேரே மண்டபத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தாள். கேப்டனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"வேலியை அடைச்சாருன்னு புகார் குடுத்தா எழுதலாம், இந்தாய். பிரிச்சாருன்னு யாராவது புகார் குடுப்பாங்களா?"

"ஒரு வார்த்தை சொல்லாமப் பிரிச்சாரு, கேப்டன். அதுதான் புகார். அவரு இங்க வந்து உக்காரணும். கேமரா இல்லாம உக்காரணும்."

"வந்து என்ன சொல்லணும்கிற?"

"எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்."

கேப்டன் என்னைப் பார்த்தார். "கூப்பிட்டு விடுங்க," என்றேன்.

அதே மேஜை, அதே பிளாஸ்டிக் பூ. சொத்தெரோ அதே நாற்காலியில் உட்கார்ந்தார். நாத்தோய் உட்கார்ந்த இடத்தில் கிரெசிங். பள்ளி விட்ட நேரம். பிள்ளைகள் ஜன்னல்களில் ஈ மொய்ப்பது மாதிரி தொங்கினார்கள், விரட்டினாலும் போகவில்லை. மேம் வாசலுக்கு வெளியிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. கேப்டன் ஆரம்பித்தார். அவருக்கு வேறு எப்படியும் ஆரம்பிக்கத் தெரியாது. "இரு தரப்பும் மனம் திறந்து பேசலாம்" என்றபோது ஜன்னலில் இருந்த பிள்ளைகளின் உதடுகளும் கூடவே அசைந்தன.

சொத்தெரோ கிரெசிங்கைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துச் சொன்னார்.

"வழி விடுறேன். வேலியைத் திறந்துட்டேன்."

"அது நீங்க ஏற்கெனவே சொன்னது, மனோய்," என்றாள் கிரெசிங். "ஊரு ஊராப் போட்டுக் காட்டுறாங்க. வேற சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்து மூடினார். கேப்டன் ஏதோ எடுத்துக் கொடுக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"தெனம் காலையில பாப்பேன்," என்றார் சொத்தெரோ. "மோட்டாரைத் தூக்கிட்டுச் சுத்திப் போவான். நான் மரத்து மேல இருப்பேன். இன்னொரு தடவை கேக்கட்டும், திறந்துடலாம்னு நெனைப்பேன். கேக்க மாட்டான். நாளைக்குக் கேப்பான்னு இறங்கிப் போயிடுவேன்."

அவர் மேஜையில் இருந்த பிளாஸ்டிக் பூவைத் தள்ளி வைத்தார்.

"இங்க வச்சு, படம் எடுக்கையில, என்கிட்ட அம்மா விஷயம் சொன்னான். கையைப் புடிச்சிக்கிட்டு சொன்னான். கால்ல விழுந்து கேட்டும் கப்பல்காரங்க இறக்கி விடலையாம். எனக்கு அது தெரியாது, கிரெசிங். அத்தனை வருஷமா அவன் வர மனசில்லாம வராம இருந்தான்னே நெனச்சிருந்தேன். அவன் அதைச் சொன்னதும் எனக்கு நெஞ்சு அடைச்சுக்கிட்டுது. பதில் சொல்லணும்னு இருந்துச்சு. எனக்கு எழுதிக் குடுத்ததுல அதுக்குப் பதில் இல்லை. எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க. படத்தைக் கெடுத்துடக் கூடாதுன்னு சும்மா இருந்துட்டேன். வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். வீட்டுக்குப் போனா, வேலி குறுக்க நிக்குது."

"சொல்லிட்டேன்னு பாடிக்கிட்டே வந்தாரு," என்றாள் கிரெசிங். அவள் குரல் தட்டையாக இருந்தது. "பாதையில புல்லு வெட்டுனாரு. மட்டை போட்டு வச்சாரு. நீங்க பதிலே சொல்லலைன்னு என்கிட்ட கடைசி வரைக்கும் சொல்லலை. உங்களை விட்டுக் குடுக்கலை, மனோய்."

சொத்தெரோ இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அறுபது வயது ஆம்பளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பனியன் முதுகு குலுங்கியது. வேலி போட்டதற்காக அவர் மேல் எனக்கு இருந்த கோபம் அந்த நேரத்தில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அழுது முடித்து அவர் கையை நீட்டினார். கேப்டன் சொல்லி நீட்டினாரோ, பழக்கத்தில் நீட்டினாரோ. ஜன்னலில் ஒரு வாண்டு, "இப்போ கை குடுப்பாங்க பாரு," என்று பக்கத்துப் பிள்ளையிடம் கிசுகிசுத்தது.

கிரெசிங் அந்தக் கையைப் பார்த்தாள். கள் இறக்கி இறக்கிக் காய்ப்புக் காய்த்த கை.

"கை வேண்டாம், மனோய். அதை அவருக்கு மூணு தடவை குடுத்திருக்கீங்க."

கேப்டன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார்.

"முடிவை எழுதணும், இந்தாய். சமாதானம்னு போடவா, இல்லைன்னு போடவா? இது ரெண்டுதான் இருக்கு."

அவள் யோசித்தாள். ஜோவெலின் ஜன்னலை விட்டு இறங்கி வந்து தாயின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவரு சொன்னதைக் கேட்டுக்கிட்டேன்னு போடுங்க," என்றாள் கிரெசிங்.

கேப்டன் பேனாவை மூடி வைத்தார். எல்லோரும் கலைந்தோம். சொத்தெரோ மட்டும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார், மேம் உள்ளே போய் அவர் எதிரில் நின்றார். நான் தாய்க்கும் மகளுக்கும் துணையாக நடந்தேன். தென்னந்தோப்பு முனையில் பாதை பிரிகிறது. நேரே இறங்கினால் சொத்தெரோவின் காணி, வேலி போன இடம், அதற்கு அடுத்தாற்போல் அவர்கள் வீடு. கிரெசிங் ரோட்டுப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அந்த வழிதான் இப்போ திறந்திருக்கே," என்றாள் ஜோவெலின்.

"இருக்கட்டும்," என்றாள் கிரெசிங். மகள் கையைப் பிடித்துக்கொண்டு, நாத்தோய் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு நடந்த ரோட்டிலேயே சுற்றிப் போனாள்.